வண்டிக்கு அடியில் ஒரு காகிதம்

எந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும் அந்த அக்கா முதலில் செய்வது ஒரே வேலைதான். பின்னால் கட்டியிருக்கும் பட்டு நூல் மூட்டையை உடனே அவிழ்க்க மாட்டார். முகத்து வியர்வையைக்கூடத் துடைக்க மாட்டார். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருக்கும் பழைய செய்தித்தாளை உருவி எஞ்சினுக்கு நேர் கீழே விரிப்பார். அதன் பிறகுதான் பேச்சு, நூல், டீ எல்லாம். கிளம்பும்போது அந்தத் தாளை எடுத்து வெயிலில் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் மடித்து மறுபடியும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவர் வண்டித் தாளில் ஒரு பொட்டு எண்ணெயை நான் பல வருடம் பார்த்ததே இல்லை.

எங்கள் தெரு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தறி. முறுக்கிய பட்டு நூலை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பது அந்த அக்காவின் தொழில். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, நூறு சிசி மோட்டார் சைக்கிளில் வருவார். பட்டையும் எஞ்சினையும் ஒரே வண்டியில் சுமக்கிறவர் எண்ணெயோடு விளையாட முடியாது. ஒரு சொட்டு கசிந்து நூலில் பட்டால் அந்தக் கட்டு முழுவதும் வேண்டாமென்று திரும்பி வந்துவிடும். அதனால்தான் வண்டி வேலையைக் கற்றுக்கொண்டேன் என்று ஒரு தடவை சொன்னார். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். இன்றும் அப்படித்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். தறி ஓட்டுகிறவன். பழைய வண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மாலையில் அதை வீட்டுக்குள் ஏற்றி நடையில் நிறுத்துவேன். நடை தாண்டினால் தறி. வண்டி வாங்கிய ஆறாவது மாதம் தரையில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. என் மனைவி தினமும் காலையில் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

"தறியில முகூர்த்தப் பொடவ இருக்குது. நடையில எண்ணெ இருக்குது. நீ ரெண்டுத்துலயும் கால வெச்சிக்கினு நடந்துக்கினு இருக்குற" என்பாள்.

நானே சரிசெய்துவிடலாம் என்று ஒரு நாள் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில், எண்ணெய் மாற்றும்போது கழற்றுவார்களே, அந்த போல்ட்டில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தறியில் இழை அறுந்தால் என்ன செய்வேன்? நூல் சேர்த்து முறுக்குவேன். அதையேதான் இங்கும் செய்தேன். எண்ணெயைப் பாத்திரத்தில் வடித்தேன். போல்ட்டின் மரையில் கழிவுப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றினேன். திரும்ப மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ஏதோ வழுக்கியது போல இருந்தது. மறுநாள் காலையில் நடையில் ஒரு குளம்.

மனைவி போய் அந்த அக்காவை அழைத்து வந்தாள். அக்கா படுத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"யம்மா, இங்க வந்து பாரு. உன் வீட்டுக்காரரு எஞ்சினுக்குப் பட்டு கட்டி வுட்டிருக்காரு. தாலிய எப்ப கட்டப் போறாராம்?"

எனக்குத் தறிக்குழிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் சிரிப்பு நின்றதும் அவர் கேட்டதுதான் முக்கியம். "கீழ சொட்டுது, சரி. எங்கேர்ந்து?"

"அந்த போல்ட்டுலேர்ந்துதானே அக்கா?"

"சொட்டுற எடம் அது. நான் கேட்டது எங்கேர்ந்து வருதுன்னு."

எஞ்சினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். ஒரு மூலை விடவில்லை. காயவிட்டு, குறைந்திருந்த எண்ணெயை ஊற்றினார். பிறகு என் மனைவியிடம் கோலமாவு கேட்டார். கேட்ட விதத்தில் அவள் ஏதோ பூஜை என்று நினைத்து, தட்டில் குங்குமமும் வைத்துக் கொண்டுவந்தாள். அக்கா குங்குமத்தை ஓரமாக வைத்துவிட்டு, கோலமாவை விரலால் தட்டித் தட்டி எஞ்சின் முழுவதும் தூவினார். என் வண்டி திருநீறு பூசிய சாமியார் மாதிரி நின்றது. "இப்பிடியே கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு வா. வேகமா போவாத, மாவு பறந்துடும்" என்றார்.

போய் வந்தேன். வழியெல்லாம் சிரித்தார்கள். திரும்பி வந்ததும் அவர் விரலால் காட்டினார். கீழே போல்ட்டைச் சுற்றி ஈரம் இருந்தது. அது நான் கெடுத்துவைத்தது. ஆனால் எஞ்சினின் உச்சியில், மேல் மூடியின் விளிம்பில், வெள்ளை மாவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து விலாவில் இறங்கி, வளைந்து, அடிக்குப் போயிருந்தது. நான் தலையை விட்டுவிட்டு காலுக்கு மருந்து போட்டிருக்கிறேன்.

மேல் மூடிக்குப் புது வாஷர் போட்டார். நான் மரையைத் தேய்த்துவிட்ட இடத்தை லேத்துப் பட்டறையில் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் சீயக்காய்த்தூள் போட்டு முழங்கை வரை மூன்று தடவை கழுவினார். கைகளை முகர்ந்து பார்த்தார். நாலாவது தடவையும் கழுவினார். அப்புறம்தான் வாசலில் இருந்த நூல் மூட்டையைத் தொட்டார்.

இன்னொரு சமயம் என் பின்சக்கரம் ஒரே மாதத்தில் மூன்று தடவை காற்று இறங்கியது. மூன்று தடவையும் பஞ்சர் போட்டுவந்தேன். "அந்தக் கடைக்காரனே ஆணியக் குத்தி அனுப்புறான் போல" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லும் தைரியம் இல்லை. வீட்டில் சத்தமாகவே சொன்னேன். நூல் கொடுக்க வந்த அக்கா காதில் அது விழுந்துவிட்டது.

"நீ பார்த்தியா?"

"இல்ல... அப்படித்தான் இருக்கணும்."

"சக்கரத்தக் கழட்டு."

அவர் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி ட்யூபை வெளியே எடுத்தார். எங்கள் வீட்டு அண்டாத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டார். மூன்று ஒட்டுகளும் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டயருக்குள் நான் விரலை விட்டுத் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. "உன் வெரலு தறி போட்டுப் போட்டுக் காச்சுப் போயிருக்குது" என்றார். என் தறிக்கு அடியில் கிடந்த பட்டுக் கழிவை ஒரு பிடி எடுத்து, டயரின் உள்பக்கம் மெதுவாக ஓட்டினார். ஒரு இடத்தில் பட்டு மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழையைப் பிடித்துக்கொண்டது.

குறட்டால் இழுத்தபோது, முடி கனத்தில் ஒரு எஃகுக் கம்பி வந்தது. தறியில் நீளவாட்டு இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்துமே அச்சு, அதில் இருக்கும் கம்பி. எங்கள் தெருவில் அந்தக் கம்பி யார் வீட்டிலும் இருக்கும். ஆனால் அந்த மாதம் பழைய அச்சு உடைந்து அதை வாசல் குப்பையில் போட்டது நான் ஒருவன்தான்.

அக்கா கம்பியை என் உள்ளங்கையில் வைத்தார். "உன் வீட்டுப் பொருளு. பத்திரமா வெச்சிக்கோ" என்றார். அவ்வளவுதான். கடைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மறுநாள் அந்தக் கடைக்குப் போய், தேவையே இல்லாமல் காற்று அடித்துக்கொண்டு வந்தேன்.

இதெல்லாம் சிறிய விஷயங்கள். பெரியது அந்தப் பாவு விவகாரம்.

புடவையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சீர்செய்வோம். அந்த இரண்டு மணி நேரம் தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. அன்று எதிர்வீட்டு சபாபதியின் பாவு. சந்தன நிறம். வேலை முடிந்து பாவைச் சுருட்டிக்கொண்டே வந்தவர்கள் மூச்சு வாங்க ஒரு நிமிடம் கீழே வைத்தார்கள். தூக்கியபோது அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு. எண்ணெய்.

வைத்த இடம் என் வாசலுக்கும் அக்கா வாசலுக்கும் நடுவில்.

சபாபதிக்குக் கோபம் வந்தால் வயது பார்க்க மாட்டார். "தெருவுல ஒழுவுற வண்டி ஒண்ணுதான் இருக்குது! அது யாருதுன்னு பச்சக் கொழந்தக்கும் தெரியும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "இனிமே அந்த வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரக்கூடாது. முனையிலயே நிக்கட்டும்."

நான் பேசவில்லை. என் வண்டி சரியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதைச் சொன்னால் போதும். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, "சொல்லேன்... சொல்லேன்யா" என்று பல்லைக் கடித்தாள். தெருவே நின்று பார்த்தது. தலைகுனிந்து நிற்கிறவன்தான் செய்திருப்பான் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

அப்போது அந்த அக்கா வந்தார். சபாபதி அவர் பக்கம் திரும்பினார். "நீதான சரி பண்ண? பண்ண லட்சணம் இதான்!"

நான் பயந்தேன். என் வண்டி ஒழுகினால் அது அவர் வேலைக்கும் கெட்ட பெயர். 'நான் தொட்ட வண்டி ஒழுகாது' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒழுவலாம்" என்றார் அக்கா. "எங்கேர்ந்துன்னு பார்ப்போம். பாத்துட்டு யார வேணா திட்டு."

அன்று மாலை அக்கம்பக்கத்தில் இருந்த ஏழு வண்டிகளும் அவரவர் வாசலில் நின்றன. வீட்டுக்குள் யாரும் ஏற்றக்கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை. சபாபதியின் வண்டியும் நின்றது; அவருக்கு முகம் கோணியது. வழக்கமாக எஞ்சினுக்கு அடியில் ஒரு தாள் போடுகிற அக்கா, அன்று யோசித்துவிட்டு, "இன்னிக்கு முழுசா போடணும். ஒருத்தர் வண்டிய மட்டும் கொறச்சி பார்த்தன்னு பேச்சு வரக்கூடாது" என்றார். தாள்களைப் பசை தடவி ஒட்டி, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக விரித்தார். ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பரை எழுதினார். காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல்.

விடிவதற்குள் நான் எழுந்துவிட்டேன். தூங்கினால்தானே எழுவதற்கு. வெளிச்சம் லேசாக வந்ததும் வாசலில் உட்கார்ந்து என் தாளைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். எழுத்தைத் தவிர வேறு கறுப்பு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மனைவியை எழுப்பலாம் என்று திரும்பியவன், என்னவோ தோன்றி, அக்காவின் வாசலுக்குப் போனேன்.

எஞ்சினுக்கு அடியில் சுத்தம், எப்போதும் போல. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு வட்டம் இருந்தது. பழைய அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு. தாளில் ஊறி, ஓரத்தில் மஞ்சளாகப் பரவியிருந்தது.

இத்தனை வருடமும் அவர் தாள் போட்டது எஞ்சினுக்குக் கீழேதான். முன்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. அவரும்தான்.

நான் அப்போது செய்ததை இன்று யோசித்தாலும் சரியா தப்பா என்று தெரியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. கல்லை எடுத்தேன். அவர் தாளை உருவினேன். என் தாளில் வீட்டு நம்பரைத் திருத்தி இங்கே போட்டுவிட்டு, இதை என் வண்டிக்கு அடியில் போட்டுவிடலாம். என் வண்டிதான் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. எனக்கு அது பழகிப்போகும். அவருக்கு அந்தப் பெயர் வரக்கூடாது. இதுதான் என் மனதில் ஓடியது.

கதவு திறந்தது. வாசல் தெளிக்க வாளியோடு அக்கா.

"இன்னாபா கையில?"

"ஒண்ணுமில்லக்கா..."

"குடு."

கொடுத்தேன். வெயில் இன்னும் வரவில்லை. ஆனாலும் பழக்கத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். வட்டத்தைத் தொட்டு விரலால் தேய்த்தார். முகர்ந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்குக் குழாயைத் துணியால் துடைத்து, ஹேண்டில்பாரை அழுத்திக் குலுக்கினார். வலது குழாயில் மெல்லிய வளையமாக எண்ணெய் வெளியே வந்தது. அது வழிந்து டயரின் ஓரத்தில் பளபளத்தது. அந்த இடத்தில் ரப்பர் ஊறி, நகம் வைத்தால் பதிந்தது.

"எங்கேர்ந்துன்னு தெரிஞ்சிடுச்சி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இத நீ எடுத்துக்கினு போயி இன்னா பண்ணலாம்னு இருந்த?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு நல்லது பண்றதா நெனச்ச. இந்த எண்ணெ டயருல எறங்குது. நீ இத மறச்சிருந்தா, நான் பாட்டுக்கு நல்லா இருக்குதுன்னு நெனச்சிக்கினு, ஒரு மழ நாளு மூட்டையோட திருப்பத்துல வழுக்கி பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன். அப்ப இந்தப் பேரு எனக்கு இன்னாத்துக்கு?"

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. தாளை எடுத்துப் போய், தன் வீட்டுக் கதவில் மாலை மாட்டுவதற்காக அடித்திருந்த ஆணியில் குத்தி மாட்டினார். வட்டம் தெருவைப் பார்க்க நின்றது.

விடிந்ததும் கூட்டம் வந்தது. அக்கா சபாபதியிடம் நேராகப் போனார். "உன் பாவுல பட்டது என் வண்டி எண்ணெ. எஞ்சினு இல்ல, முன்பக்கம். நான் அங்க பார்க்கவே இல்ல."

சபாபதி அக்காவிடம் இத்தனை வருடமாக நூல் வாங்குகிறவர்; அவரைத் திட்ட மனம் வரவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, "அப்போ இவன் வண்டி?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார்.

தெருவே பார்த்தது. கதவுக்குப் பின்னால் மனைவி இருந்தாள்.

"என் வண்டி ஒழுவல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. மனைவி அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள். "அன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறந்தாரு, அதுக்கும் ஒரு அக்கா வேண்டி இருந்துச்சி" என்பாள்.

எனக்குச் சொன்ன தண்டனையை அக்கா தானே எடுத்துக்கொண்டார். வண்டியைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் பிடிக்கப் போனேன். "கை வெக்காத" என்றார். திரும்பும்போது, எண்ணெய் சொட்டிய வழி நெடுக, கையில் துணியோடு அவரே துடைத்துக்கொண்டு வந்தார். அடுத்த இரண்டு நாளும் சபாபதியின் மனைவியோடு உட்கார்ந்து, பாவில் கறைபட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, அதே சந்தன நிறத்தில் புது இழை முறுக்கிச் சேர்த்தார். முடிந்த பிறகு எந்த இடம் என்று எனக்குக் காட்டச் சொன்னேன். அவர்களாலேயே காட்ட முடியவில்லை.

ஃபோர்க்கைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார். சபாபதியும் கேட்காமலேயே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். எண்ணெயை அடைத்து நிறுத்தும் பழைய ரப்பர் வளையத்தை எடுத்து, புது வளையம் போட்டு, எண்ணெய் ஊற்றி மூடினார். ஊறிப்போன டயரை மாற்றினார். "இன்னும் கொஞ்ச நாளு ஓடுமே" என்றார் சபாபதி. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வேலை முடிந்து நான்கு தடவை கை கழுவியபோது அக்கா சொன்னார்: "இத்தன வருஷமா பேப்பரு சுத்தமா இருக்குதுன்னு பெருமையா பாத்துக்கினு இருந்தேன்பா. பேப்பரு சின்னதா போட்டிருக்கேன்."

பிறகு அக்கா ஐயம்பேட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேயும் நூல் எடுத்துப் போகிறார் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஆனால் எங்கள் தெருவுக்கு நீங்கள் வந்தால் ஒன்றைப் பார்க்கலாம். யார் வீட்டுப் பாவு நீட்டினாலும், அதற்கு முந்தின மாலை ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை தாள் விரிந்திருக்கும். ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வதில்லை. விடியற்காலையில் யார் தாளில் பொட்டு இருக்கிறதோ, அவரே அதைத் தன் கதவில் மாட்டிவிட்டு, வண்டியைத் தெரு முனைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். சபாபதி கதவில் இதுவரை இரண்டு தடவை தொங்கியிருக்கிறது.

போன வாரம் என் கதவில் தொங்கியது. நானே மாட்டினேன். வட்டம் தெருவைப் பார்க்கும்படி.